கால்கட்டு

'கால்கட்டு' என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பேச்சுவழக்கில் திருமணம் என்ற பொருள் நெடுநாளாக நிலைத்திருக்கிறது. வேலைவெட்டிக்குப் போகாமல் ஊர்சுற்றும் மகனுக்கும், அறைக் கதவை அடைத்துக்கொண்டு தனக்குள் பேசிச் சிரிக்கும் மகனுக்கும் உறவினர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றே: 'ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.' முன்னவன் விஷயத்தில் அது நப்பாசை மட்டுமே. பின்னவன் மனச்சிதைவு நோயின் தொடக்கத்தில் இருக்கக்கூடும். பிறர் காதில் விழாத குரல்கள் தன் காதில் மட்டும் கேட்பதும், யாரோ தனக்குத் தீங்கு சூழ்கிறார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாமல் நிற்பதும் அந்நோயின் முதன்மையான அறிகுறிகள். அவனுக்குப் போடப்படும் கால்கட்டு, நோயைப் பற்றி ஒரு சொல்லும் அறியாத இன்னொருத்தியையும் சேர்த்துக் கட்டுகிறது.

அச்சொல்லின் நேர்ப்பொருளைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் விடியுமுன் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட வழியின்றிக் கருகினர்; இறந்தோர் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்களை மூடிய அரசு, அங்கிருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் ஏற்றது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 95ஆம் பிரிவில், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாதென்று விதிக்கிறது. ஆனால் சங்கிலி கொடுமைக்காரர்களின் கருவி மட்டுமாக இருந்ததில்லை. கணவனும் மனைவியும் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில், காலையில் திண்ணைத் தூணோடு மகனைப் பூட்டிவிட்டு, எட்டும் தூரத்தில் சொம்புத் தண்ணீரும் மூடிய தட்டில் சோறும் வைத்துப் போகிற தாய், மாலையில் வந்து முதல் வேலையாக அந்தப் பூட்டைத் திறந்து, கணுக்காலில் கன்றிய இடத்தில் தேங்காயெண்ணெய் தடவுகிறாள். பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யாத சட்டத்தால் அந்தப் பூட்டை மட்டும் பறிமுதல் செய்ய முடியும்.

பெங்களூரின் நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை இடைவெளி, அதாவது நோய் இருந்தும் மருத்துவம் பெறாதோரின் விகிதம், நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை வேறுபடுவதாகக் கண்டது. மருத்துவர் பற்றாக்குறை இதற்குப் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே அதன் வாசலை மிதிக்கத் தயங்குவதற்கு மொழியும் ஒரு காரணம். 1794இல் சென்னையில் தொடங்கி, பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த மனநல மருத்துவமனை, ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்டது. அதே கீழ்ப்பாக்கத்தில் அடுக்ககக் குடியிருப்பு வாங்கக் கோடிகளை எண்ணி வைப்பவரும், நண்பரைக் கேலி செய்கையில் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார். சிவனைப் பித்தன் என்று அழைத்து உருகிய சுந்தரரின் மொழி, 'லூசு', 'மெண்டல்', 'மறை கழண்ட கேஸ்' என்ற சொற்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பக்தனின் பித்து வேறு, நோய் வேறு என்பது உண்மைதான்; ஆனால் பித்தில் ஒரு மனிதரைக் காண முடிந்த சொல்வளம் இருந்த இடத்தில் இப்போது பழுதடைந்த இயந்திரம்தான் நிற்கிறது.

மனநோயைப் பற்றிப் பேசும்போது, நோயாளிகளை அழைத்துச் செல்லும் கோயிலையும் தர்காவையும் மூடநம்பிக்கை என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்குவது படித்தோரின் வழக்கம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துச்சாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அவர்களின் நோய்க்குறி அளவெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகப் பதிவு செய்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை மருந்துக்கு மாற்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் அங்கே நடந்தவை கவனத்துக்குரியவை: உறவினர் ஒருவர் உடன் தங்கினார், கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள் நோயாளியின் கையில் இருந்தன.

வீட்டுத் தூணில் பூட்டும் கால்கட்டில் உடனிருக்கும் உறவு, கையில் ஒரு வேலை என்ற இந்த இரண்டும் இல்லை. திருமணம் என்ற கால்கட்டிலோ, பெண்ணுக்கு நோய் இருப்பின் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் தீராத மனநோயை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருப்பதாலும், உண்மையை மறைத்தது மோசடி என்று வழக்கு வரக்கூடும் என்பதாலும், பெண்வீட்டார் ஒன்று அஞ்சி மறைக்கிறார்கள், அல்லது சொல்லிவிட்டு வரன் இன்றிக் காத்திருக்கிறார்கள். சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப், கணவரைப் பிரிந்த பெண் நோயாளிகளைப் பற்றி 2003இல் வெளியிட்ட ஆய்வில், மனநோயாளி என்ற அவப்பெயரைவிட வாழாவெட்டி என்ற அவப்பெயரே அவர்களையும் குடும்பத்தையும் கூடுதலாக வாட்டியதைக் கண்டது. நோய்க்கு மருந்தாகச் சொல்லப்பட்ட திருமணம், நோயைவிடப் பெரிய காயமாயிற்று.

மறைத்து முடிக்கப்பட்ட திருமணத்தில் மாத்திரை அட்டை கைப்பையின் உள்ளறைக்கும், அங்கிருந்து புடவை மடிப்புக்கும் போகிறது; சில வாரங்களில் நின்றும் போகிறது. நின்றால் நோய் திரும்பும். நிற்காமல் தொடர்ந்தாலும் ஆபத்து உண்டு. உளத்தின் எழுச்சியும் தாழ்ச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாற்றுக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்னும் மருந்து, கருவின் தண்டுவட வளர்ச்சியைக் குலைக்கக்கூடியது என்பதால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றவேண்டியது. மகப்பேறு மருத்துவர் முதல் பரிசோதனையிலேயே வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுவதுண்டா என்று கேட்கத்தான் செய்கிறார். அந்தக் கேள்வியின்போது பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார்.