டீசல் வண்டியின் புகை வடிகட்டியைக் கழற்ற மாட்டோம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

டீசல் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளும் ஒர்க்‌ஷாப் உரிமையாளர்களும் சேர்ந்த சங்கம் எங்களுடையது. பிஎஸ்6 என்ற புகை வரம்பு விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்திருப்போரில் பலர் எங்களிடம் ஒரு வேலையைக் கேட்டு வருகிறார்கள். சைலன்சர் பாதையில் இருக்கும் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி எஞ்சினின் கணினியான இசியூ-வை மாற்றித் தர வேண்டும் என்கிறார்கள். எங்கள் உறுப்பினர் எவரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்திருக்கிறது. டீசலைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகளே மக்களை இங்கே கொண்டுவந்து நிறுத்துகின்றன என்பதால், அவற்றுக்கான பதிலையும் சேர்த்தே சொல்கிறோம்.

டீசல் வண்டி என்றால் கரும்புகை விடத்தான் செய்யும் என்கிறார்கள்.

நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் கரும்புகை விடாது. காற்று போதாமலோ டீசல் அளவுக்கு மீறிப் பாய்ந்தோ அரைகுறையாக எரிந்தால்தான் கரும்புகை வரும். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் கசிவு, இன்ஜெக்டர் தேய்மானம் ஆகியவை வழக்கமான காரணங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. புகை நோயின் அறிகுறி. அதை டீசலின் குணம் என்று விட்டுவிடக் கூடாது.

பிஎஸ்4, பிஎஸ்6 எல்லாம் பெயரளவு வித்தியாசம்தான் என்கிறார்கள்.

பிஎஸ்4 விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பிஎஸ்6 விதியில் அது 4.5 மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரம்பு 250-லிருந்து 80 மில்லிகிராமாகக் குறைந்தது. டீசலில் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. துகளைப் பொறுத்தவரை இந்த முன்னேற்றத்தைச் சாத்தியமாக்கியது டிபிஎஃப்தான். அதைக் கழற்றினால் புது வண்டி பழைய வண்டியாகிவிடும்.

டிபிஎஃப் மைலேஜைத் தின்றுவிடும், அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

வடிகட்டியால் மைலேஜ் சிறிது குறைவது உண்மை. அடைப்புக்கு மட்டும் வேறு காரணம் உண்டு. டிபிஎஃப் கரியைப் பிடித்து வைத்து, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நகருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடி நிற்கும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. விளக்கு எரியத் தொடங்கியதும், கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் அடைத்தால் இன்ஜெக்டர், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, பொருந்தாத எஞ்சின் ஆயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றினால் அந்தப் பழுது அப்படியே உள்ளே இருக்கும்.

ஓட்டம் குறைவானாலும் டீசல்தான் லாபம் என்கிறார்கள்.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படுவதற்கு முன்பு, டீசல் மலிவாக இருந்தபோது போட்ட கணக்கு இது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடுபவருக்கும் லோடு ஏற்றுபவருக்கும் டீசல் இன்றும் பொருந்தும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய் வருபவர் டீசல் கார் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. அப்படி ஓடும் கார்கள்தான் டிபிஎஃப் அடைப்போடு எங்களிடம் வருகின்றன.

பத்து ஆண்டு ஆனால் டீசல் வண்டி காயலான் கடைக்குத்தான் என்கிறார்கள்.

பத்து ஆண்டு வரம்பு டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கென்று பிறந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும்; பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் புதுப்பித்துக்கொள்ளலாம். தரகர் பேச்சைக் கேட்டு நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம்.

டிபிஎஃபைக் கழற்ற நாங்கள் மறுப்பதற்கு உடல்நலமும் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள் நாங்கள். சாலையோரம் கடை வைத்திருப்பவரும் போக்குவரத்துக் காவலரும் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் அதையே சுவாசிக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளரின் சிறு மிச்சத்துக்காக இத்தனை பேர் நுரையீரலில் கரி ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. இப்போதைய புகைச் சோதனை, புகை எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டுமே அளக்கிறது. டிபிஎஃப் கழற்றிய வண்டி அதில் தேறிவிட முடியும். நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இல் டீசல் வண்டிச் சோதனையில் துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. இங்கும் எஃப்சி எனப்படும் தகுதிச் சோதனையில் அந்தக் கருவி வர வேண்டும். கார் விற்பனையாளர்களும், வாங்குபவரின் தினசரி ஓட்டத்தைக் கேட்டறிந்த பிறகே டீசலைப் பரிந்துரைக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் ஓட்டியும் டிபிஎஃப் விளக்கு அணையாவிட்டால் வண்டியை எங்களிடம் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள். காரணத்தைக் கண்டுபிடித்து, செலவை முன்கூட்டியே சொல்லி, சரிசெய்து தருவோம். கழற்றச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவோம்.