விற்பனைச் சிப்பந்தியின் விசாரம்

வியாபாரம் மந்தப்பட்டால் அதை முதலில் அறிகிறவர் நிதி மந்திரி அல்லர். கடை வாசலில் கழுத்துப்பட்டியுடன் நின்று வருவோரை வரவேற்கும் விற்பனைச் சிப்பந்திதான். மந்திரிக்குப் புள்ளி விவரங்கள் சில மாதம் கழித்து வந்து சேரும். சிப்பந்திக்கோ அன்று மாலையே தெரிந்துவிடும். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஸ்திரமான வேலை உண்டு. விற்பனைச் சிப்பந்திக்கு உள்ளது 'இலக்கு' என்னும் ஒரு வஸ்துதான். இம்மாதம் இத்தனை வண்டி, இத்தனை பெட்டி மருந்து, இத்தனை ரூபாய் என்று மேலிடத்தில் ஒருவர் குறித்துக் கொடுத்துவிடுவார். ஜனங்கள் கையில் பணம் இருக்கிறதா, இல்லையா என்பதை அந்தக் காகிதம் விசாரிப்பதில்லை. சென்ற ஆண்டு விற்றதற்குமேல் கொஞ்சம் கூட்டிப் போட்டால் அதுவே இலக்கு!

2019-ஆம் ஆண்டில் நமது தேசத்தில் மோட்டார் வண்டி வியாபாரத்துக்கு நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கார் முதலிய பிரயாணி வண்டிகளின் விற்பனை, முந்திய ஆகஸ்டைவிட நூற்றுக்கு 31-க்கு மேல் குறைந்தது. ஜூலை வரையிலான மூன்று மாதங்களில் மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் பேர் வேலையிழந்தனர் என்று வண்டி விற்பனையாளர்களின் சம்மேளனமே கணக்குச் சொல்லிற்று. அதற்கு முன்பே, ஏப்ரல் வரையிலான 18 மாதங்களில், 286 விற்பனை நிலையங்கள் மூடப்பட்டிருந்தன.

இதில் சிப்பந்தியின் குற்றம் என்ன? 2018-இன் பிற்பகுதியில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரிய நிதி ஸ்தாபனம் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தடுமாறியது. அதைக் கண்டு மிரண்டு, வண்டி வாங்கக் கடன் கொடுத்துவந்த நிதிக் கம்பெனிகள் கையை இறுக்கிக்கொண்டன. அதே செப்டம்பரிலிருந்து, புது வண்டி வாங்குவோர் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸை, காருக்கு 3 ஆண்டும் ஸ்கூட்டருக்கு 5 ஆண்டும் முன்கூட்டியே கட்டவேண்டியதாயிற்று. 2020 ஏப்ரலில் புதுப் புகை விதி வருகிறது, பழைய வண்டி மலிவாகும், காத்திருக்கலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. இத்தனையும் சேர்ந்து வாடிக்கைக்காரரை வாசற்படி ஏறவிடாமல் தடுத்தன. விற்பனை நிலையத்து முதலாளியோ பாங்கியில் கடன் வாங்கி வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார். வண்டி நின்றாலும் வட்டி நிற்காது. வாடகையைக் குறைக்க முடியாது, வட்டியைக் குறைக்க முடியாது, ஆளைக் குறைக்கலாம். அவர் செய்தது அதுதான். மறு ஆண்டு நோய் பரவி ஊரடைத்தபோது, ஏப்ரல் மாதம் முழுவதும் பல கார்க் கம்பெனிகள் உள்நாட்டில் ஒரு வண்டிகூட விற்கவில்லை. சாக்ஷாத் குபேரனே வந்து பேரம் பேசியிருந்தாலும் விற்றிருக்க முடியாது!

ஆயினும், விற்காதவன் திறமையற்றவன் என்ற பேச்சு மட்டும் ஓய்வதில்லை. நாளடைவில் சிப்பந்தியே அதை நம்பத் தொடங்கிவிடுகிறார். இதுதான் நமக்கு மிகவும் வருத்தம் தருவது. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர் வாடிக்கைக்காரரிடம் இல்லாத குணங்களையெல்லாம் ஏற்றிச் சொல்கிறார். மாதக் கடைசியில் கணக்கைச் சரிக்கட்ட, தம் கைப்பணத்தைப் போட்டுத் தாமே சரக்கு வாங்கி வைப்பவர்களும் உண்டு. அச்சத்துக்கு இப்படி வாடகை கட்டுகிற மனிதருக்கு வீட்டு வாடகை கட்டப் பணம் மிஞ்சுமா?

சட்டம் இவரை வெகுகாலம் கவனிக்கவில்லை. 'தொழிலாளி' என்றால் கையால் உழைப்பவர், நுட்பவேலை செய்பவர், கணக்கெழுதுபவர் போன்றோர். சரக்கை எடுத்துச் சொல்பவர் அதில் அடங்கார் என்பது வாதம். 1976-இல் தனிச் சட்டம் ஒன்று வந்து மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு ஓரளவு பாதுகாப்பளித்தது. 2011-இல் மோட்டார் வண்டி, சாயம், சோப்பு, பிஸ்கோத்து முதலிய தொழில்களுக்கும் அது விரிக்கப்பட்டது. 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு, அந்தத் தனிச் சட்டத்தின் நிழல் இல்லாமல் மருந்துப் பிரதிநிதி தாமாகவே 'தொழிலாளி' ஆகிவிடமாட்டார் என்று தீர்த்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், விற்பனை ஊக்கச் சிப்பந்திகளும் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். ஓராண்டு இடைவிடாது வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத அறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தரவேண்டும். நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் ஈடாகத் தரவேண்டும்.

இதை அறிந்த முதலாளிகள் ஆட்குறைப்பு என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை. அறைக்குள் அழைத்து, நாற்காலி கொடுத்து, காபியும் வரவழைத்து, "நீங்களாகவே ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டால் கௌரவமாக இருக்கும்" என்பார்கள். அந்தக் கௌரவத்தின் விலை மேற்சொன்ன ஈட்டுத் தொகை. ஆகையால் காபியைக் குடிக்கலாம்; கையெழுத்தை மட்டும் அன்றைக்கே போடவேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கென்று எழுதிய ஒப்பந்தத்தில் இருப்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: காலம் முடிந்து நின்றுபோவது ஆட்குறைப்பாகக் கொள்ளப்படாது.

கமிஷன் விஷயமும் உண்டு. சட்டக் கணக்கில் கமிஷன் கூலியைச் சேர்ந்ததன்று. ஆனால் கமிஷன், வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்றவை கூடி மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியாகவே கொள்ளப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி மற்றதையெல்லாம் கமிஷனாகத் தரும் கம்பெனிகளின் சிப்பந்திகளுக்கு இது முக்கியம். நியமனக் கடிதம், மாதந்தோறும் வந்த இலக்குக் காகிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை வீட்டில் ஒரு கட்டாகக் கட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டம்மாளையும் உட்காரவைத்துக்கொண்டு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.