பால்பவுடரும் பயாஃப்ராவும்

எங்கள் ஆயாவை ஊர்க்காரர்கள் "பால்பவுடருக்கு வேதத்துல சேர்ந்தவ" என்று சொல்வார்களாம். அமெரிக்கப் பால்பவுடரும் கோதுமையும் பங்குக் கோயில் வழியாகச் சேரிக்கு வந்த அறுபதுகள் அவை. ஆயா அதற்குக் கூனிக் குறுகியதில்லை. "ஆமா, அவங்க பால்பவுடர் குடுத்தாங்க. நீங்க என்ன குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதே ஆயா இன்னொன்றும் சொல்வார். கோயில் வாசலில் வரிசை இரண்டு இருந்ததாம். சாதிக் கிறிஸ்தவர்களின் வரிசை முடிந்த பிறகுதான் நம் வரிசை நகரும். சில நாள் நம் முறை வரும்போது டின் காலியாகியிருக்கும்.

பஞ்சகால நிவாரணத்தின் வரலாற்றை முனைவர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, ஆயா சொன்ன இந்த இரண்டும்தான் அடிப்படைப் பாடம். ஆனால் பொதுவெளியில் திருச்சபை நிவாரணம் பற்றிப் பேச்செடுத்தால் வேறு இரண்டு குரல்களே கேட்கின்றன. "மதமாற்ற வியாபாரம்" என்கிறார்கள் சங்கிகள். "ஏகாதிபத்தியத்தின் கருணை முகம்" என்கிறார்கள் நம் தோழர்களில் சிலர். முதல் குரலுக்குப் பதில் ஆயாவே சொல்லிவிட்டார். இரண்டாவது குரலில் உண்மை இருக்கிறது, ஆகவே அதனுடன் உரையாட வேண்டியிருக்கிறது. அதற்குப் பயாஃப்ராவைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1966-இல் வட நைஜீரியாவில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், கிழக்கே இருந்த தங்கள் பூர்வீகப் பகுதிக்கு ஓடி வந்தார்கள். 1967 மே 30 அன்று கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஜூலையில் போர் மூண்டது. நைஜீரிய அரசு முற்றுகையிட்டது. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகமும் வீழ்ந்த பிறகு பயாஃப்ராவுக்குக் கடல் வழியே இல்லை. அகதிகள் நிரம்பிய அந்தச் சிறு நிலப்பரப்பில் புரதமும் உப்பும் தீர்ந்துபோயின. வயிறும் கால்களும் வீங்கி, முடி செம்பட்டையாகி, குழந்தைகள் குவாஷியோர்கர் நோயால் செத்தார்கள். அந்தப் போரின் மொத்தச் சாவுக் கணக்கு ஐந்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானவர்களைக் கொன்றது குண்டு அல்ல, பசி. பட்டினியும் போரில் ஒரு நியாயமான ஆயுதமே என்று நைஜீரியத் தலைமையில் இருந்தவர்கள் வெளிப்படையாகவே வாதிட்டார்கள்.

அப்போது நைஜீரிய அரசுக்கு பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்தன. பனிப்போரின் எதிரெதிர் முகாம்கள் ஒரே பக்கம் நின்ற விந்தை இது. அந்த முற்றுகையை மீறி உணவு கொண்டுபோனவர்களில் முதன்மையானவர்கள் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் திருச்சபைகள் சேர்ந்து அமைத்த 'ஜாயின்ட் சர்ச் எய்ட்' கூட்டமைப்பினர். அதன் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து விமானிகள் அதை 'ஜீசஸ் கிறைஸ்ட் ஏர்லைன்ஸ்' என்று கேலியாக அழைத்தார்கள். போர்ச்சுகலின் பிடியில் இருந்த சாவோ தோமே தீவிலிருந்து இருட்டிய பிறகு விமானங்கள் கிளம்பும். ஊலி என்ற இடத்தில் அகலப்படுத்தப்பட்ட ஒரு நெடுஞ்சாலைதான் ஓடுதளம். விமானம் தரையைத் தொடும் சில நொடிகளுக்கு மட்டும் விளக்கு எரியும். மேலே நைஜீரியக் குண்டுவீச்சு விமானம் சுற்றிக்கொண்டிருக்கும். பால்பவுடர், நார்வேயின் காய்ந்த மீன், உப்பு, மருந்து என ஏறத்தாழ 5,300 நடைகளில் ஏறத்தாழ 60,000 டன் போய்ச் சேர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் இறந்தார்கள். 1969 ஜூன் 5 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன்பின் அச்சங்கம் தன் பயணங்களை நிறுத்தியது. திருச்சபை விமானங்கள் தொடர்ந்தன. தரையில் அயர்லாந்துக் குருமார்களும் கன்னியர் மருத்துவர்களும் உணவு மையங்களையும் மருத்துவமனைகளையும் நடத்தினார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பலரை நைஜீரியா வெளியேற்றியது.

இதுவரை வீரக்கதை. இனி, தோழர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம்.

ஊலியில் நிவாரண விமானங்கள் மட்டும் இறங்கவில்லை. அதே இரவுகளில் அதே ஓடுதளத்தில் ஆயுத விமானங்களும் இறங்கின. ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒளிந்தது. உள்ளூரில் பொருள் வாங்கத் திருச்சபைகள் மாற்றிய அந்நியச் செலாவணி பயாஃப்ரா அரசுக்குப் போனது. பகலில் சோதனைக்கு உட்பட்டு உணவு வர நைஜீரியா முன்வைத்த வழிகளை, ராணுவ ஆபத்து என்று சொல்லி பயாஃப்ராத் தலைவர் ஒஜுக்வு ஏற்க மறுத்தார். ஆப்பிரிக்காவில் காலனிகளை விடாப்பிடியாக வைத்திருந்த போர்ச்சுகலுக்கும், பின்னணியில் இருந்த பிரான்சுக்கும் அவரவர் கணக்குகள் இருந்தன. 1968-இல் திருச்சபைக்காக விமானம் ஓட்டிய ஸ்வீடன் பிரபு கார்ல் குஸ்தாஃப் வான் ரோசன், 1969-இல் சிறு விமானங்களில் ராக்கெட் பொருத்தி நைஜீரிய விமான தளங்களைத் தாக்கினார். நிவாரணம் போரை நீட்டித்தது என்று பிற்காலத்தில் நிவாரணத் துறையினரே எழுதினார்கள்.

இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசிக் குற்றச்சாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உணவு போகாதிருந்தால் போர் சீக்கிரம் முடிந்திருக்கும் என்பதன் பொருள் என்ன? குழந்தைகள் இன்னும் வேகமாகச் செத்திருந்தால் அவர்களின் பெற்றோர் இன்னும் சீக்கிரம் சரணடைந்திருப்பார்கள் என்பதுதான். இது முற்றுகையிட்டவரின் வாதம். முற்றுகையிட்டவரும் ஆயுதம் விற்றவரும் சமாதானத்தை மறுத்தவரும் இருக்க, பால்பவுடர் கொண்டுவந்தவரிடம் மட்டும் போரின் நீளத்துக்குக் கணக்குக் கேட்பது எப்படி நியாயமாகும்? 1977-இல் ஜெனீவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறைகள், குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளுவதைத் தடை செய்தன. அதற்கு முன்பே அந்த நியாயத்தை இருட்டில் விமானம் ஏறிச் செய்துகாட்டியவர்கள் இவர்கள்.

ஆனால் ஆயாவின் இரண்டாவது வாக்கியம் மீதி இருக்கிறது. வரிசையில் யார் எங்கே நின்றார்கள்?

பயாஃப்ரா முழுக்க இக்போக்களின் நாடு அல்ல. இபிபியோ, இஜா, ஒகோனி போன்ற சிறுபான்மை இனங்களும் அதற்குள் இருந்தன. ஒகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவா நைஜீரிய அரசின் பக்கம் நின்றது தற்செயல் இல்லை. இக்போ சமூகத்துக்குள்ளேயே 'ஒசு' என்று ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பிறப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் இழிவு அது. அவர்களோடு மண உறவு கிடையாது. அகமணம் எங்கே காவல் நிற்கிறதோ அங்கே சாதி இருக்கிறது என்று அம்பேத்கரைப் படித்த நமக்கு, ஒசுவை விளக்க வேறு சொல் தேவையில்லை. 1956-இலேயே கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஒசு முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது, வழக்கம் போகவில்லை.

இக்போ மண்ணில் கிறிஸ்தவத்தை முதலில் தழுவியவர்களில் ஒசுக்கள் முக்கியமானவர்கள். சினுவா அச்செபே தன் முதல் நாவலில் அவர்கள் திருச்சபைக்குள் வருவதைக் காட்டினார். இரண்டாவது நாவலில், ஒசுப் பெண்ணைத் தன் மகன் மணப்பதை எதிர்க்கிறவர் ஒரு கிறிஸ்தவத் தந்தை. கதவைத் திறந்த திருச்சபையே உள்ளே சுவர் எழுப்பிக்கொண்ட கதை, தனிக் கல்லறை வைத்திருக்கும் நம் ஊர்ப் பங்குகளுக்குப் புதிதா என்ன?

நிவாரண அறிக்கைகள் டன்னை எண்ணும், விமானத்தை எண்ணும், குழந்தைகளையும் எண்ணும். வரிசையை எண்ணுவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தலித் மக்கள் முகாம்களிலிருந்து ஒதுக்கப்பட்டதையும் தண்ணீரும் நிவாரணமும் மறுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. "எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கிறோம், சாதி பார்ப்பதில்லை" என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் சாதி பார்க்கிற ஊரில், சாதி பார்க்காத நிவாரணம் ஊர்த்தெருவோடு நின்றுவிடும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், ஓங்கோலில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தைத் தானே எடுத்தார். மாதிகா மக்களுக்குக் கூலியோடு வேலை கிடைத்தது. பஞ்சம் நீடித்த காலத்தில் அவர் ஞானஸ்நானம் தருவதை நிறுத்திவைத்தார். சோற்றுக்காக யாரும் மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம். நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலையில், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுக்க எதுவும் இல்லாதபோது தேடி வந்தவர்கள் அவர்கள். கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்குவதும், கொடுப்பதற்கு விலை வைக்காதிருப்பதும் அன்றே முடிந்திருக்கிறது.

இந்தக் கேள்வி பழையது அல்ல. காசாவில் 1882 முதல் இயங்கிவரும் அல் அஹ்லி மருத்துவமனையை ஜெருசலேம் ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் நடத்துகிறது. அங்கே மருத்துவம் பெறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2025 ஏப்ரல் 13 அன்று இஸ்ரேல் அதைத் தாக்கியது. பட்டினி மீண்டும் ஆயுதமாகியிருக்கும் இந்தக் காலத்தில், அந்த மருத்துவமனையை நடத்துவது எந்த மதம் என்று விசாரித்துவிட்டுத்தான் ஆதரிப்போம் என்றால், நாம் யார் பக்கம் நிற்கிறோம்?

தோழர்களே, உணவு கொண்டுபோகும் வண்டியை மறிக்கிறவர்களோடு நமக்கு எந்த உடன்பாடும் வேண்டாம். அந்த வண்டி திருச்சபையுடையதாக இருந்தாலும் சரி, ஜமாத்துடையதாக இருந்தாலும் சரி, அது போய்ச் சேரட்டும். போய்ச் சேர்ந்த பிறகு, வரிசை ஒன்றா இரண்டா என்று நாம் போய்ப் பார்ப்போம். இரண்டாக இருந்தால், டின் காலியாவதற்கு முன்பே கேட்போம்.