பிளேட்லெட் எண்ணிக்கை சரி... ரத்தம் மட்டும் ஏன் நிற்கவில்லை?

டெங்கு சீசனில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி, 'பிளேட்லெட் எவ்வளவு?' என்பதுதான். ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டால் நிம்மதி. ஆனால், அந்த எண்ணிக்கை சரியாக இருந்தும் பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் தவிப்பவர்கள் உண்டு.

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால், பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் காயத்தில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். அது தற்காலிக அடைப்புதான். அதன்மேல் ஃபைப்ரின் என்ற நூல்வலை பின்னப்பட்டால்தான் ரத்தக்கட்டு உறுதியாகும். வலை பின்ன வேண்டிய உறைதல் காரணிகள் ரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, தூங்கியபடி! அவை முழுவீச்சில் வேலை செய்ய ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் தட்டணுவின் மேற்பரப்பு. சும்மா இருக்கும்போது தட்டணு, பாஸ்பாட்டிடில்செரின் என்ற கொழுப்பைத் தன் சவ்வின் உள்பக்கம் மறைத்து வைத்திருக்கும். காயம் பட்டுத் தூண்டப்பட்டதும், சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுவதுபோல அந்தக் கொழுப்பை வெளியே காட்டும். கால்சியம் பிடித்துவைக்க, காரணிகள் அதன்மேல் வந்து உட்காரும். 9-ம் காரணி 8-ன் துணையோடு 10-ஐ எழுப்பும். 10-ம் காரணி 5-ன் துணையோடு த்ராம்பினை உருவாக்கும். 10-ம் காரணி தனியாகச் செய்வதைவிட, இந்தக் கூட்டணி வேலை சுமார் 3 லட்சம் மடங்கு வேகம்! த்ராம்பின்தான் ஃபைப்ரின் வலைக்கு நூல் தருவது. (8-ம் காரணி குறைந்தால் வருவதுதான் ஹீமோபிலியா ஏ. அவர்களுக்கும் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்.)

1979-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். எண்ணிக்கை சரி, காரணிகளும் சரி. ஆனாலும் ரத்தப்போக்கு. அவருடைய தட்டணுக்களால் அந்தக் கொழுப்பை வெளியே திருப்ப முடியவில்லை. அவர் பெயராலேயே அது 'ஸ்காட் சிண்ட்ரோம்' ஆனது. மிக மிக அரிது. திருப்பும் வேலைக்குத் தேவையான புரதத்தை 2010-ல்தான் ஜப்பான் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள்.

வழக்கமான ரத்த உறைதல் பரிசோதனைகளில்கூட இது சிக்காது. ஏனென்றால், அந்தக் கொழுப்பைப் பரிசோதனைக்கூடமே ரசாயனத்தோடு சேர்த்துவிடுகிறது. ஆகவே, ஆபரேஷனுக்கு முன், 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்பதோடு நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கியபோதோ பிரசவத்தின்போதோ ரத்தம் நிற்கச் சிரமப்பட்டிருந்தால், குடும்பத்தில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.