படிக்கவிடாத படிகள்

கல்லூரியைக் கலைக்கூடம் என்பர், அறிவுப்பண்ணை என்பர், ஏழைக்கும் எளியோர்க்கும் திறந்து வைத்த வாயில் என்று ஆண்டுவிழா மேடையிலே முழங்குவர். வாயில் திறந்துதான் இருந்தது, நான் பயின்ற கல்லூரியிலே. ஆனால் வாயிலுக்கு முன்னே நான்கு படிகள் இருந்தன. படிக்க வந்த என் தோழனைத் தடுத்தவை அந்தப் படிகளே!

சிறுவயது விபத்திலே கால்வலுவிழந்தவன் அவன். சக்கர நாற்காலியில் வருவான். நாங்கள் நால்வர் நாற்காலியோடு அவனைத் தூக்கிச் செல்வோம். எங்கள் இரக்க சிந்தையைப் பேராசிரியர் பாராட்டினார். நாங்களும் நெஞ்சு நிமிர்ந்து நின்றோம். இன்று எண்ணினால் நாணமாக இருக்கிறது. தூக்கப்படுவதற்கா வந்தான் அவன்? கற்பதற்கல்லவா வந்தான்!

பிறகொரு நாள், ஆய்வுக்குழு வருகிறதென்றனர். ஒரே கிழமையில் சாய்தளம் ஒன்று எழுந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. நான்கு படியின் உயரம் இரண்டடி. ஆக இருபத்து நான்கு அடி தேவை. கட்டியதோ எட்டடி! ஏன் என்றோம், இடமில்லை என்றனர். நிறுவனர் சிலைக்கு இடமிருந்தது, பூந்தொட்டி வரிசைக்கு இடமிருந்தது, சக்கரத்துக்கு மட்டும் இடமில்லை! தோழன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது ஏறுவதற்கல்லப்பா, படம் எடுப்பதற்கு" என்றான். படமும் எடுத்தார்கள். நாங்கள் பழையபடி தூக்கினோம். மாடியிலிருந்த நூலகத்துக்கு மட்டும் அவன் ஒருநாளும் வந்ததில்லை.

பொறியாளர் தீயவரல்லர். பணமும் செலவாகியிருக்கிறது. அந்தச் சாய்தளத்தில் ஏறவேண்டிய ஒருவனை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? முற்பிறவிப் பயன் என்று அவனுக்கு முத்திரை குத்திய சமுதாயம் இது. பயனை அனுபவிப்பவனிடம் கருத்துக் கேட்பார் உண்டோ? பிச்சையிடுவோன், அரிசியா கேழ்வரகா என்று கேட்டா இடுகிறான்? "ஊனமுற்றோர்" என்ற பெயரை நீக்கி "மாற்றுத்திறனாளி" என்றோம், நன்று. பெயரை மாற்றிய கை, படியை மாற்றவில்லையே!

கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பெர்க்லி சான்று. எட் ராபர்ட்ஸ் பதினான்கு அகவையில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுதும் செயலிழந்தவர். இரும்பு நுரையீரல் என்னும் பெரும்பொறிக்குள் உறங்குபவர். 1962-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். அந்தப் பொறியை வைக்கத்தக்க விடுதி அறை இல்லை. வளாக மருத்துவமனையே அவருக்கு விடுதியாயிற்று. அவரைப் பார்த்துப் பிறரும் வந்தனர். நோயாளிகளாக அடங்கிக் கிடந்தனரா? இல்லை, சங்கம் கண்டனர்! 1970-இல் தொடங்கிய மாணவர் பணித்திட்டத்தைத் தாங்களே நடத்தினர். உதவியாளரை அமர்த்துவதும், நாற்காலியைப் பழுது பார்ப்பதும், ஏற்ற வீடு தேடுவதும் அவர்கள் பொறுப்பாயின. நடைபாதை விளிம்புகளைச் சரிக்கச் சொல்லி நகராட்சியையும் நெருக்கினர்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. விளிம்பு வழவழப்பாகச் சரிந்தால் சக்கரத்துக்கு இன்பம். கோல் தட்டி வரும் பார்வையற்றவருக்கோ நடைபாதை முடிந்து தெரு தொடங்கியதே தெரியாது, வண்டிக்கு முன் போய் நிற்பார். சரிவும் வேண்டும், காலுக்குத் தட்டுப்படும் மேடுபுள்ளிக் கல்லும் வேண்டும். இரண்டு கால்களும் இரண்டு கண்களும் நலமாயுள்ள ஒருவர் தனியறையில் அமர்ந்து வரைந்தால் இது எப்படித் தோன்றும்?

சட்டம் இல்லையா என்பீர். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், கல்வி நிலையக் கட்டடமும் வளாகமும் எல்லோரும் அணுகத்தக்கனவாக இருக்கவேண்டும் என்கிறது. அரசின் உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவிபெறும் நிலையங்களிலும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. இடம் கொடுத்து, ஏறவிடாமல் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? 2017-இல் வகுத்த அணுகுவசதி விதி ஒன்று வெறும் அறிவுரையாக இருப்பதைக் கண்ட உச்சநீதிமன்றம், 2024 நவம்பரில் அது செல்லாது என்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கப் பணித்தது. அமெரிக்காவிலும் 1973-இல் வந்த சட்டத்துக்கு விதிகள் வர நான்காண்டுகள் ஆயின. 1977-இல் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கட்டடத்துக்குள் மூன்று கிழமைக்கு மேல் அமர்ந்து போராடிய பிறகே கையொப்பம் கிடைத்தது.

ஆகவே தோழர்களே, சாய்தளம் கேட்டு நிற்கவேண்டாம். வரைபட மேசையில் நாற்காலி கேளுங்கள்! கோடு கிழிக்கும் முன்பே, நடக்க இயலாதவரும் பார்வையற்றவரும் செவி கேளாதவரும் அந்தக் குழுவில் இருக்கவேண்டும். செவி கேளாதவருக்குச் சைகைமொழி அறிந்தவர் உடனிருக்கவேண்டும். கட்டி முடித்தபின் அவர்கள் ஏறிப் பார்த்து, கழிவறைக்குள் நாற்காலியைத் திருப்பிப் பார்த்து, சரி என்று ஒப்பமிட்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை. அவர்கள் வேண்டாம் என்றால் இடித்துக் கட்டட்டும்!

என் கல்லூரி இப்போது புதுக்கட்டடம் எழுப்பப் போகிறதாம்; பழைய மாணவனான எனக்கும் நன்கொடை கேட்டு மடல் வந்தது. ஆசிரியச் சம்பளத்தில் இயன்றதை அனுப்பி, வரைபடக் குழுவில் என் தோழனைச் சேர்ப்பீர்களா என்றும் கேட்டிருந்தேன். பணத்துக்கு ரசீது வந்துவிட்டது. கேள்விக்கு விடை வரவில்லை. இந்த முறை அவனும் நானும் சேர்ந்து ஒப்பமிட்டு, மறுபடி எழுதியிருக்கிறோம்.