ஒரே பெயரில் இரண்டு விலை... கம்ப்யூட்டர் எதை எடுக்கும்?

சேலம் மாவட்டம் ஆட்டையாம்பட்டி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கை முறுக்கு. அந்த ஊர்க் கடை ஒன்று ஆன்லைனில் விற்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் படிக்கும் மகள்தான் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறாள். தீபாவளி நெருங்க, கிலோ 180 ரூபாயாக இருந்த விலையை 220 ஆக்கச் சொல்கிறார் அப்பா. அவளும் விலைப்பட்டியல் ஃபைலின் மேலே ‘கை முறுக்கு: 220’ என்று ஒரு வரி சேர்க்கிறாள். கீழே இருக்கும் ‘கை முறுக்கு: 180’ என்ற பழைய வரி அப்படியே கிடக்கிறது.

இப்போது வெப்சைட் எந்த விலையைக் காட்டும்?

பெரும்பாலும் 180! எரர் மெசேஜ் எதுவும் வராது. 100 கிலோ ஆர்டர் வந்தால் 4,000 ரூபாய் போச்சு. கணக்குப் பார்க்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

கடைசியில் வருவதே ஜெயிக்கும்

இப்படிப்பட்ட பட்டியல்களை இன்று பெரும்பாலும் ‘ஜேசான்’ என்ற வடிவத்தில்தான் எழுதுகிறார்கள். இடது பக்கம் பெயர், வலது பக்கம் அதற்கான மதிப்பு. அந்தப் பெயருக்கு ‘கீ’ என்று பெயர். ஒரே கீ இரண்டு முறை வந்தால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு, முந்தையதைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடும்.

விதி என்ன சொல்கிறது? 2017 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 8259 என்ற ஜேசான் தர ஆவணம், கீகள் தனித்தனியாக இருப்பது நல்லது என்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. அதனால் சில புரோகிராம்கள் கடைசியை எடுக்கும், சில முதலாவதை எடுக்கும், சில படிக்கவே மறுக்கும். டாமல் என்ற வடிவமோ இரட்டைக் கீயைத் தப்பு என்றே அறிவித்துவிட்டது. யாமல் விதியும் கூடாது என்கிறது. ஆனால், பைத்தானில் யாமல் படிக்கப் பலர் பயன்படுத்தும் பையாமல், அதைக் கண்டுகொள்வதில்லை.

அட்மின் ஆன சாதாரண யூசர்

விலை மாறினால் பணத்தோடு போய்விடும். 2017-ல் அப்பாச்சி கவுச் டிபி என்ற டேட்டாபேஸில் நடந்தது அதைவிடப் பெரிய வில்லங்கம். அதில் ஒரே தகவலை இரண்டு பேர் படித்தார்கள். வாசலில் சரிபார்ப்பது ஜாவாஸ்கிரிப்ட், உள்ளே வேலை செய்வது எர்லாங். புதிய யூசருக்கு என்ன அதிகாரம் என்று சொல்லும் ‘ரோல்ஸ்’ கீயை ஒருவர் இரண்டு முறை எழுதி அனுப்பலாம். முதலாவதில் அட்மின், இரண்டாவது காலி. ஜாவாஸ்கிரிப்ட் கடைசியைப் பார்த்து, ‘அதிகாரம் எதுவும் கேட்கவில்லை, உள்ளே போ’ என்றது. எர்லாங் முதலாவதைப் பார்த்து, அட்மின் பதவியே கொடுத்துவிட்டது. அந்த நவம்பரில் 1.7.1, 2.1.1 பதிப்புகளில் இந்த ஓட்டையை அடைத்தார்கள்.

எதை எடுப்பது என்று யோசிக்காதீர்கள்

முதலாவதா, கடைசியா என்பதல்ல கேள்வி. இரண்டு இருந்தால் எது சரி என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். எனவே, புரோகிராம் அங்கேயே நின்று, எந்தக் கீ இரண்டு முறை வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பைத்தானில் இதற்கு ‘ஆப்ஜெக்ட் பேர்ஸ் ஹூக்’ என்ற வசதி உண்டு. ஒன்றைத் தூக்கிப்போடும் முன்பே எல்லா ஜோடிகளையும் வரிசையாக உங்கள் கையில் கொடுத்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்கெனவே வந்த கீ என்றால் எரர் கொடுங்கள். ஐந்தாறு வரி கோடு போதும். ஜாவாவின் ஜாக்சனில் இதற்கான கண்டிப்பான சோதனை தயாராகவே இருக்கிறது. ஆனால், அதை நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

ஒரு கடைக்கு இரண்டு போன் நம்பர் இருப்பதுபோல உண்மையிலேயே இரண்டு மதிப்பு தேவையா? கீயை இரண்டு முறை எழுதாமல், ஒரே கீக்குள் லிஸ்ட்டாகக் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் தகவலை ஒரே இடத்தில் ஒருமுறை மட்டும் படித்து, சுத்தமான வடிவத்தை மற்ற பகுதிகளுக்கு அனுப்புங்கள். கவுச் டிபி சொல்லும் பாடம் அதுதான்.

தமிழுக்கென்று ஒரு பொறி

‘தொகை’ என்ற கீயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ‘தொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கோ வேறு வேறு கீ! இரட்டைக் கீ சோதனையில்கூட இது சிக்காது. அதனால், ஒப்பிடும் முன்பு எல்லாக் கீகளையும் ‘என்.எஃப்.சி.’ என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் அதற்கு ஒரே வரி போதும். ‘கை முறுக்கு’ என்பதற்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஒரு ஸ்பேஸும் இதே வேலையைச் செய்யும், அதையும் வெட்டிவிடுங்கள்.

விலை ஏற்றும் நாளில் ஃபைலைச் சேமித்தவுடன் இந்தச் சோதனையை ஒருமுறை ஓட்டிவிட்டால், அப்பாவிடம் திட்டு வாங்க வேண்டியிருக்காது!