ஐயாயிரம் டொலருக்கு ஒரேயொரு சுரம்

போன எபிசோடில் சிந்தசைசர் பற்றிக் கதைத்த பிறகு உங்களில் பலர் சுற்றிச்சுற்றி ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீர்கள்: மினிமூக் வாங்கலாமா, அதுக்கு அந்த விலை தகுமா? எபிசோடில் நேரம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். சத்தத்துக்காக என்றால் வேண்டாம். கைக்காக என்றால், அதுவும் ஒவ்வொரு நாளும் அதில் கை வைக்கிற ஆள் என்றால், ஓம், தகும்.

முதலில் காசு. 2022இல் மூக் நிறுவனம் மினிமூக் மாடல் டியைத் திரும்ப வெளியிட்டபோது விலை 4,999 அமெரிக்க டொலர். அதைக் கனேடிய டொலருக்கு மாற்றி, ஒன்ராறியோவின் 13 வீத வரியையும் சேர்த்தால் ஏழாயிரத்தைத் தாண்டும். ஓடக்கூடிய ஒரு பழைய கார் வாங்கலாம். இந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? 44 கட்டைகள், மூன்று ஒசிலேட்டர், ஒரு ஃபில்டர். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். நினைவகம் கிடையாது. நல்ல சத்தம் ஒன்று கிடைத்தால், குமிழ்கள் எந்தெந்த இடத்தில் நிற்குது என்று போனில் படம் எடுத்து வைக்க வேண்டும்.

"உதுக்கு ஏன் இவ்வளவு காசு?" என்று அப்பா கேட்டால், அது ஒன்றும் விளங்காமல் கேட்கிற கேள்வி இல்லை. சரியான கேள்விதான். (ஆனால் இதே அப்பாமார் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு ஹோல், சாப்பாடு, வீடியோ, சாறி என்று ஒரே பின்னேரத்தில் இதைவிடக் கூடச் செலவழிப்பார்கள். அது வேறு கதை. இன்னொரு நாள் சண்டை பிடிப்போம்.)

சத்தத்துக்காக வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? மினிமூக் முதலில் வந்தது 1970இல். அதன் புகழுக்குக் காரணம் ரொபேர்ட் மூக் வடிவமைத்த ஃபில்டர். டிரான்சிஸ்டர்களைச் சோடி சோடியாக ஏணிப்படி மாதிரி அடுக்கியிருப்பார், அதனால் அதை ஏணி ஃபில்டர் என்பார்கள். குமிழை மெதுவாகத் திருப்ப, கூரான சத்தங்கள் ஒவ்வொன்றாக மறைந்து அடியில் உள்ள தடித்த குரல் மட்டும் மிஞ்சும். உள்ளே எண்களும் இல்லை, கணக்கும் இல்லை. மின்னழுத்தம் ஏறி இறங்குவதுதான் சத்தமாக வருகிறது. சூடு ஏற ஏறச் சுருதி கொஞ்சம் நகரும். மூன்று ஒசிலேட்டரும் ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகாமல் உரசும்போது வருகிற அந்தத் தடிப்புக்குத்தான் இவ்வளவு பேரும் ஆசைப்படுகிறார்கள்.

ஆனால் அந்த ஃபில்டரின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பெரிங்கர் அதே மின்சுற்றைப் பின்பற்றி, கட்டைகள் இல்லாத சின்னப் பெட்டியாக ஒரு மாடல் டி செய்தார்கள். வந்தபோது விலை ஏறக்குறைய 300 டொலர். அதுவும் உண்மையான அனலொக் தான். மூக்கே 2018இல் மினிமூக்கை ஐபேடுக்கு ஒரு ஆப்பாக வெளியிட்டது. 2020 மார்ச்சில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது அதைக் கொஞ்ச நாள் இலவசமாகவே தந்தார்கள். அதில் ஒரே நேரத்தில் நான்கு சுரம்கூட வாசிக்கலாம்.

மூன்றையும் ஹெட்போன் போட்டுக் கேட்டிருக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் வித்தியாசம் இருக்கு, இல்லை என்று சொல்ல மாட்டேன். டிரம்ஸ், குரல், இன்னும் நாலு வாத்தியம் சேர்ந்த பாட்டுக்குள் போட்டால் என் காதுக்குப் பிடிபடவில்லை. உங்கள் காது என்னுடையதைவிடக் கூர்மையாக இருக்கலாம். ஆனால் உங்கள் பாட்டைப் பஸ்ஸில் போன்வழியாகக் கேட்கிற ஆளின் காதுக்கும் அது எட்ட வேண்டுமே.

அப்போ 4,700 டொலர் எதுக்குப் போகிறது? இதுக்கு என்னைவிட என் மச்சாள் ஒருத்திதான் நல்ல சாட்சி. ரொறன்ரோவில் ஒரு பாண்டில் வாசிக்கிறாள். சின்ன வயதில் எட்டு வருசம் வீணை படித்தவள். 2022 மினிமூக் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கி வைத்திருக்கிறாள். "ஆப் இருக்கேக்க இது ஏன்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, மேடையில் விளக்கு அணைந்திருக்கும்போது ஐபேடில் குமிழைத் தேடிப் பார் என்றாள்.

அவள் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது கை கட்டையில். இடது கை சுருதிச் சக்கரத்துக்கும் ஃபில்டர் குமிழுக்கும் நடுவில் போய்வருகிறது, கண் அந்தப் பக்கமே இல்லை. ஒவ்வொரு குமிழுக்கும் ஒரே ஒரு வேலை. திரை இல்லை, மெனு இல்லை. எது எங்கே என்று விரலுக்குத் தெரியும், வீணையில் மெட்டு எங்கே என்று தெரிகிற மாதிரி. பழைய மினிமூக்கில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது, விட்ட இடத்திலேயே நிற்கும். 2022 மாடலில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள், கையை விட்டால் நடுவுக்குத் திரும்பிவிடும். வீணைக் கம்பியை இழுத்து விடுகிற பழக்கம் உள்ள கைக்கு இது உடனே பிடிபடுகிறது. கமகம் வருகிறது. அச்சொட்டாக இல்லை, ஆனால் வருகிறது.

சக்கரம் நூறு டொலர் மிடி கீபோர்டிலும் இருக்கே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கு. பெரிங்கர் பெட்டியோடு அப்படியொன்றைப் பொருத்தியும் வாசிக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியில் குமிழ்கள் சின்னது, நெருக்கமானது, ஒன்றைத் திருப்ப விரல் மற்றதில் இடிக்கும். மேசையில் வைத்துப் பொறுமையாகப் பதிவு செய்கிறவருக்கு அது பெரிய விசயமில்லை. மேடையில் அது வேறு.

ஒரு நேரத்தில் ஒரு சுரம் என்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள் பியானோவை வைத்து அளக்கிறார்கள். நாதஸ்வரமும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே? ராகத்தோடு வளர்ந்தவர்களுக்கு ஐந்து குரல், எட்டுக் குரல் என்று வருகிற விலை கூடின சிந்துகளைவிட இந்த ஒற்றைக் குரல் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆனால் விலைதான் இசையைத் தரும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு இசைத்தட்டைக் காட்ட வேண்டும். 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற ஸ்டூடியோக் கலைஞர் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து வெளியிட்டார். பாவித்தது மூன்று ரோலண்ட் கருவிகள்: ஜூப்பிட்டர்-8, டிஆர்-808, டிபி-303. ஜூப்பிட்டர் அந்தக் காலத்திலேயே பல ஆயிரம் டொலர். 303 சில நூறு டொலர்தான், பேஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லாதவர்களுக்கு என்று செய்த சின்ன வெள்ளிநிறப் பெட்டி. தட்டு அன்று விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று அந்தத் தட்டைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அந்த மலிவான 303 வழுக்கி வழுக்கிப் போகிற சத்தத்தைத்தான்.

303உம் விற்கவில்லை. ரோலண்ட் 1984இல் அதை நிறுத்திவிட்டது. மலிவுக்கு வந்த பழைய 303களை வாங்கின சிக்காகோ பொடியள்தான் அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி ஆசிட் ஹவுஸை உண்டாக்கினார்கள். ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது 1987இல். இன்று ஒரு பழைய 303 வாங்க ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். முதலில் பாட்டு வந்தது, விலை பிறகுதான் ஏறியது. கடைக்காரன் அதைத் தலைகீழாகச் சொல்லித்தான் உங்களுக்கு விற்கப் பார்ப்பான்.

"கையால் செய்தது" என்ற கதைக்கும் கொஞ்சம் கவனம். 2022 மினிமூக் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் செய்யப்பட்டது, விளம்பரத்தில் அந்த ஊருக்குப் பெரிய இடம். 2023இல் மூக்கை இன்மியூசிக் என்ற நிறுவனம் வாங்கியது. அதே வருசம் ஆஷ்விலில் கன பேருக்கு வேலை போனது. பொருள் நல்ல பொருள்தான். ஊரின் பெயருக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

அதேபோல, இதை முதலீடு என்று வீட்டில் சொல்லி வாங்காதீர்கள். அம்மாவுக்கு முதலீடு என்றால் பவுண். சிந்தசைசர் பவுண் இல்லை. புதிதாக வாங்கிக் கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கும். வாத்தியத்தால் வீடு ஓடின கதைகள் இருக்கு: ஏ.ஆர். ரஹ்மானுக்கு ஒன்பது வயதில் தகப்பன் ஆர்.கே. சேகர் இறந்தபோது, அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் சமாளித்தது. ஆனால் அது சினிமாப் பதிவுகளுக்கு வாத்தியங்கள் தேவைப்பட்ட சென்னை. ஸ்காபரோவில் உங்கள் படுக்கையறையில் இருக்கிற மினிமூக்கை வாடகைக்குக் கேட்டு யாரும் கதவு தட்டப்போவதில்லை.

நான் வாங்கவில்லை, இப்போதைக்கு வாங்கவும் மாட்டேன். என் பாட்டெல்லாம் லாப்டொப்பில், இரவு பதினொரு மணிக்கு, பக்கத்து அறையில் ஆள் நித்திரையாக இருக்கும்போது நடக்கிறது. சத்தங்களைச் சேமித்து, அடுத்த கிழமை திறந்து, திருத்த வேண்டும். நினைவகம் இல்லாத கருவி எனக்குத் தடை. மச்சாளுக்கு அது தடையே இல்லை, நாலு சத்தம்தான் பாவிக்கிறாள், நாலும் கையில் இருக்கு.

உங்களுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு வழி. ஆப் அல்லது அந்த 300 டொலர்ப் பெட்டி, இல்லாவிட்டால் பாவித்த கோர்க் மினிலோக் (2016இல் 500 டொலருக்கு வந்த நான்கு குரல் அனலொக்), ஏதாவது ஒன்றை எடுத்து மூன்று மாதம் வாசியுங்கோ. மூன்று மாதத்தில் தூசி பிடித்தால், ஐயாயிரம் டொலர்க் கருவியும் அப்படித்தான் தூசி பிடிக்கும். ஒவ்வொரு நாளும் கை அதுக்குப் போய், "இந்தக் குமிழ் கொஞ்சம் பெரிசா இருந்தா" என்று எரிச்சல் வருகுதா? அப்போ யோசிக்கலாம். யோசிக்கும்போதும் கிரெடிட் கார்ட் வேண்டாம், இருபது வீத வட்டியில் வாங்கினால் எந்தச் சத்தமும் இனிக்காது. சீட்டுப் பிடிக்கிற வீடு என்றால் அம்மாவைக் கேட்டு ஒரு சீட்டுப் போடுங்கோ, உங்கள் முறை வரும்வரை காத்திருக்கிற மாதங்களில் ஆசை தானாகத் தெளிந்துவிடும்.

வாங்குவதென்றால் பாவித்ததை, நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கோ. போட்டு அரை மணித்தியாலம் சூடாக விடச் சொல்லுங்கோ, பிறகு மேல் ஸ்தாயியில் சுருதி நிற்குதா என்று கீழ் ஸ்தாயியோடு ஒப்பிட்டுக் கேளுங்கோ. எல்லாக் குமிழையும் ஒரு முறை முழுதாகத் திருப்புங்கோ, கரகர என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். சக்கரத்தை இழுத்து விட்டு, சரியாக நடுவுக்கு வருகுதா என்று பாருங்கோ. வந்த பெட்டி இருந்தால் அதையும் கேட்டு வாங்கி வையுங்கோ, பின்னால் விற்கிற நாள் வந்தால் உதவும்.